வண்டியின் வயதை அறிவது எப்படி? பழைய லாண்ட்றோவரும் டென்மார்க்கின் முப்பத்தைந்து ஆண்டுக் கணக்கும்

எமது மக்களின் பேச்சு வழக்கில் அவை யாவும் ஜீப்புகளே. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் லாண்ட்றோவரும் ஜீப். பொலிஸ் நிலைய வாசலில் நின்ற வண்டியும் ஜீப். இரண்டாம் உலகப் போருக்கென அமெரிக்காவில் வில்லிஸ், போர்ட் ஆகிய நிறுவனங்கள் உருவாக்கிய உண்மையான ஜீப்பும் ஜீப். பெயரில் இத்தகைய தாராளம் காட்டியதால் ஊரில் எவருக்கும் பெரிதாக நட்டம் வந்ததில்லை. கழற்றிய உறுப்பைத் துணியிற் சுற்றிக்கொண்டு கடைக்குச் சென்றால், கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, ஒத்த ஒன்றை எடுத்துத் தருவார். வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று அவர் கேட்பதில்லை.

டென்மார்க்கில் நிலைமை வேறு. இங்கு ஒரு பழைய வண்டியின் சரியான பெயரும் சரியான ஆண்டும் பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. அகதிகளாக வந்திறங்கியவர்களின் பிள்ளைகள் இன்று பழைய லாண்ட்றோவரையும் வொக்ஸ்வாகன் வானையும் தேடி வாங்கிப் புதுப்பிக்கும் நிலைக்கு வந்துள்ளனர். சிலர் பிரித்தானியாவிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் அவற்றை வரவழைக்கின்றனர். விற்பவர் சொல்லும் ஆண்டை நம்பி முற்பணம் கொடுத்துவிட்டு, பின்னர் வரி அலுவலகத்தின் கடிதத்தைக் கண்டு திகைப்பவர்களும் உண்டு. ஆகவே, ஒரு வண்டியின் இனத்தையும் ஆண்டையும் எவ்வாறு நிதானிப்பது என்பதை இங்கு சற்று விரிவாக நோக்குவது பயன்தரும் எனக் கருதுகின்றோம்.

சட்டம் கேட்கும் ஆண்டு

டென்மார்க்கில் வாகனப் பதிவு வரி 1924இல் நடைமுறைக்கு வந்தது. நெடுங்காலமாகக் காரின் பெறுமதியில் பெரும்பகுதிக்கு 180 வீதமாக இருந்த இவ்வரி 2015இல் 150 வீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பின்னரும் வரிப் படிநிலைகள் மாற்றப்பட்டு வந்துள்ளன. பொருளேற்றும் வான்களுக்கு வரி குறைவு. அதற்கு அடையாளமாக அவை மஞ்சள் இலக்கத் தகட்டைத் தாங்குகின்றன. அத்தகைய வண்டியைச் சொந்தத் தேவைக்கும் பயன்படுத்த விரும்புவோர் மேலதிக வரி செலுத்தி, வெள்ளையும் மஞ்சளும் கலந்த தகட்டைப் பெறுவர். அதற்கு டெனிஷ் மக்கள் இட்டுள்ள பெயர் 'கிளித்தகடு'. துப்புரவுப் பணி, மரக்கறி வியாபாரம் என்று வான் ஓட்டிய எம்மவர்களுக்கு இவ்வேறுபாடுகளைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வண்டி 35 ஆண்டுகளைக் கடந்துவிட்டால் சட்டத்தின் பார்வை மாறிவிடுகின்றது. வழக்கமாக இரண்டாண்டுக்கு ஒரு தடவை நிகழும் கட்டாயப் பரிசோதனை எட்டாண்டுக்கு ஒரு தடவையாகின்றது. ஆண்டுதோறும் செலுத்தும் வாகன வரி நான்கில் ஒரு பங்காகக் குறைகின்றது. யாவற்றிலும் முக்கியமானது மூன்றாவது சலுகை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கு முதன்முறையாகப் பதியும் வண்டி, 35 ஆண்டுகளைக் கடந்து தன் ஆதி நிலையிலும் இருக்குமாயின், பதிவு வரி அதன் இன்றைய சந்தை விலையின்மீது கணிக்கப்படுவதில்லை. அது புத்தம் புதிதாக விற்கப்பட்ட காலத்து விலையின் 40 வீதமே வரிக்குரிய பெறுமதியாகக் கொள்ளப்படும்.

இவ்விடத்திலேயே இனமும் ஆண்டும் பிரிக்க முடியாதபடி பிணைந்துகொள்கின்றன. அன்றைய விலையைக் காட்ட வேண்டுமாயின் அது எந்த ஆண்டு வண்டி, நெடியதா குறியதா, பெற்றோல் எஞ்சினா டீசல் எஞ்சினா என்பன தெரிந்தாக வேண்டும். 'பழைய லாண்ட்றோவர்' என்ற விடை எவ்வகையிலும் போதாது. 34 ஆண்டு நிரம்பிய வண்டியும் 35ஐக் கடந்த வண்டியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். வரிக் கணக்கில் அவை இரு வேறு உலகங்கள்.

ஒரு வண்டிக்கு மூன்று ஆண்டுகள்

பலர் கவனியாது விடும் ஒன்றை முதலிற் சொல்லிவிட வேண்டும். ஒரு வாகனத்துக்கு ஆண்டு ஒன்றல்ல, மூன்று. தொழிற்சாலையிலிருந்து அது வெளிவந்த ஆண்டு ஒன்று. நிறுவனம் தன் விற்பனைக் கணக்கில் அதற்கு வழங்கும் மாதிரி ஆண்டு மற்றொன்று. ஓர் அரச பதிவேட்டில் அது முதன்முதலாக ஏறிய ஆண்டு மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை.

வொக்ஸ்வாகன் வான் இதற்கு நல்ல உதாரணம். அவ்வானின் உற்பத்தி 1950 மார்ச்சில் ஆரம்பமானது. 1964 ஓகஸ்டிலிருந்து அதன் அடிச்சட்ட இலக்கத்திலேயே விபரம் பொறிக்கப்பட்டது. முதல் இரு இலக்கங்கள் வண்டியின் வகையைச் சொல்லும்: 21 என்றால் மூடிய சரக்கு வான், 23 என்றால் யன்னல்கள் உள்ள கொம்பி, 26 என்றால் பின்புறம் திறந்த வண்டி. மூன்றாம் இலக்கம் மாதிரி ஆண்டின் இறுதி எண். ஆகவே 218 என்று தொடங்குவது 1968ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த சரக்கு வான். ஆயினும் அந்நிறுவனத்தின் மாதிரி ஆண்டு ஓகஸ்டில் தொடங்குவதால், அவ்வண்டி 1967 செப்டெம்பரில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். விற்பனையாகாது களஞ்சியத்தில் நின்று 1969இல் பதிவு பெற்றதாகவும் இருக்கலாம். மூன்று பேர் மூன்று ஆண்டுகளைச் சொல்வர். மூவரும் உண்மையே சொல்வர்.

டென்மார்க்குக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1924 முதல் 1974 வரை கொப்பன்ஹேகனில் வாகனங்களைப் பொருத்தி விற்றது. போர்ட் நிறுவனமும் 1919 முதல் 1960களின் நடுப்பகுதி வரை அந்நகரில் அவ்வாறே செய்தது. உறுப்புகள் பெட்டிகளில் வந்து இங்கு வண்டியாக உருப்பெற்றன. அத்தகைய வண்டியில், உறுப்பு வார்க்கப்பட்ட காலமும் வண்டி பொருத்தப்பட்ட காலமும் வேறுபடுவதில் வியப்பில்லை.

உருவம் சொல்வது

இனி லாண்ட்றோவருக்கு வருவோம். அதன் வரலாறு 1948 ஏப்பிரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் ஆரம்பமாகின்றது. போருக்குப் பின்னர் பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியது. அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. எனவே அடிச்சட்டத்தை உருக்கிலும் உடலை அலுமினியக் கலவையிலும் செய்தனர். இத்தீர்மானம் வண்டியின் வயதை அறியும் வேலையையும் பாதித்துள்ளது என்பதைப் பின்னர் காண்போம்.

முதற் சோதனைக்கு அளவுநாடா ஒன்றே போதுமானது. முன் சில்லின் மையத்திலிருந்து பின் சில்லின் மையம் வரையுள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஆரம்பகால வண்டிகளில் அது 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 203 சென்ரிமீற்றர். 1950களின் நடுப்பகுதியில் அது 86 அங்குலமாகியது. நீண்ட வண்டி 107 அங்குலம். பின்னர் இவை முறையே 88, 109 ஆகின. 88 அங்குல வண்டி 223 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாக இருக்கும். 86க்கும் 88க்கும் உள்ள வேறுபாடு ஐந்து சென்ரிமீற்றர் மாத்திரமே. ஆகவே கண்மதிப்பை நம்பலாகாது.

இரண்டாவது, விலாப்புறம். 1958 ஏப்பிரலில் இரண்டாந் தொடர் வெளிவந்தது. அதற்கு முந்திய வண்டிகளின் பக்கத்தகடு தட்டையானது. இரண்டாந் தொடரிலிருந்து கதவின் மேல்விளிம்புக்குக் கீழே தகடு சற்று வெளியே வளைந்து உருண்டிருக்கும். 1961இல் 'இரண்டு ஏ' என்ற தொடர் வந்தது. 1971இல் மூன்றாந் தொடர் வந்து 1985 வரை நீடித்தது.

மூன்றாவது, முகம். மிகப் பழைய வண்டிகளில் முன்விளக்குகள் கம்பிவலைக்குப் பின்னால் மறைந்திருக்கும். பின்னர் அவை வலையின் நடுப்பகுதியில் வெளிப்பட்டன. 1968, 1969 காலப்பகுதியில், பல நாடுகளின் விளக்கு விதிகளுக்கு அமைய, அவை இருபுற மட்காட்டுகளுக்கு நகர்ந்தன. மூன்றாந் தொடரில் உலோக வலைக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் முகப்பு வந்தது.

நான்காவது, உள்ளே. இரண்டாந் தொடரிலும் 'இரண்டு ஏ'யிலும் வேகமானி முதலிய கருவிகள் வண்டியின் நடுவில் அமைந்திருக்கும். மூன்றாந் தொடரில் அவை சாரதியின் கண்ணெதிரே வந்தன. கியர்ப்பெட்டியும் மாறியது, முன்செல்லும் நான்கு கியர்களையும் உரசலின்றி மாற்ற முடிந்தது.

இவற்றுக்குப் பின்னர், இலைவில்லுகளுக்குப் பதிலாகச் சுருள்வில்லுகளில் அமர்ந்த வண்டி 1983இல் 110 என்ற பெயரிலும், குறியது 1984இல் 90 என்ற பெயரிலும் வெளிவந்தன. 'டிஃபென்டர்' என்ற பெயர் 1990இலேயே சூட்டப்பட்டது. சொலிஹல் தொழிற்சாலையில் அவ்வரிசையின் இறுதி வண்டி வெளிவந்த நாள் 2016 யனவரி 29.

இலக்கம் சொல்வது

உருவம் ஒரு காலப்பகுதியையே காட்டும். அதனைக் குறுக்கித் தருவது அடிச்சட்ட இலக்கம். எமது கராச்சுகளில் 'செசி நம்பர்' என்று சொல்வார்களே, அது. லாண்ட்றோவரில் இதனை இரண்டு இடங்களிலாவது பார்க்க வேண்டும். ஒன்று, வண்டிக்குள் பொருத்திய தகடு. மற்றையது, அடிச்சட்டத்தின் முன்பகுதியில், வலப்புற வில்லைத் தாங்கும் இடத்தில் உருக்கிலேயே அடித்த இலக்கம். தகட்டை இரண்டு ஆணிகளைக் கழற்றி வேறொரு வண்டிக்கு மாற்றிவிடலாம். உருக்கில் அடித்ததை அவ்வாறு மாற்றுதல் எளிதன்று. இரண்டும் ஒத்திருந்தால் நல்லது. ஒவ்வாதிருந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும்.

இலக்கத்தின் முதல் மூன்று எண்கள் வண்டியின் இனத்தைச் சொல்கின்றன. 88 அங்குலப் பெற்றோல் வண்டிகளை எடுத்துக்கொண்டால், இடப்புறச் சுக்கானோடு ஏற்றுமதியான இரண்டாந் தொடர் 144 என்று தொடங்கும். அதே வகை 'இரண்டு ஏ'யில் 244 என்று தொடங்கும். மூன்றாந் தொடரிலோ முதல் இரண்டு எண்கள் 90 ஆக இருக்கும். பிரித்தானிய உள்நாட்டுச் சந்தைக்கான வலப்புறச் சுக்கான் வண்டிக்கு 141, 241 என்பன வழங்கின. ஆனால் 'இரண்டு ஏ' இலக்கத்தில் ஆண்டைக் குறிக்கும் எண் எதுவும் இல்லை. தொடர்ந்து ஏறிச்செல்லும் வரிசையில் அது எங்கு நிற்கின்றது என்பதை வைத்தே ஆண்டைக் கணிக்க வேண்டும். இறுதியிலுள்ள ஆங்கில எழுத்து, உறுப்புகளில் நிகழ்ந்த மாற்றத்தைக் குறிப்பது. அதனை ஆண்டென மயங்குவோர் பலர்.

1980களில் 17 இடங்கள் கொண்ட இலக்கம் பொதுவழக்காகியது. அதன் பத்தாம் இடத்திலுள்ள எழுத்து மாதிரி ஆண்டைக் குறிக்கும். அமெரிக்க அட்டவணைப்படி 'ஏ' என்பது 1980. அவ்வரிசையில் 'ஜி' என்பது 1986. பல கைநூல்களிலும் அட்டவணைகளிலும் காணப்படுவது இதுவே. ஆனால் அக்கால லாண்ட்றோவர் தன் வரிசையை வேறுவிதமாக வகுத்துக்கொண்டது. அங்கு 'ஏ' என்பது 1984. 'ஜி' என்பது 1990.

இந்த நான்கு ஆண்டு வேறுபாடு ஒரு குடும்பத்தின் சேமிப்பை எவ்வாறு விழுங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் 2022இல் பிரித்தானியாவிலிருந்து 'ஜி' எழுத்துடைய வண்டி ஒன்றை வாங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க அட்டவணையைப் பார்த்து, 1986ஆம் ஆண்டு வண்டி, 36 வயதாகிவிட்டது, பழைய விலையின் 40 வீதத்துக்கே வரி என்று அவர் கணக்கிடுகின்றார். உண்மையில் அது 1990ஆம் ஆண்டு மாதிரி. அப்பொழுது அதற்கு 32 வயதே. வரி இன்றைய விலையின்மீது விழும். பழைய டிஃபென்டர்களின் சந்தை விலை ஏறிச் செல்லும் காலத்தில் இது சிறிய தொகையன்று. 1990இல் முதற்பதிவு பெற்ற வண்டிகள் 2025இலேயே 35 ஆண்டை எட்டின. 'டிஃபென்டர்' என்ற பெயரும் அதே 1990இல் வந்ததால், அப்பெயருடன் பிறந்த வண்டி எதுவும் 1986ஆம் ஆண்டினதாக இருக்க முடியாது. எழுத்தைத் தவறாக வாசித்தவருக்கு இப்பெயரே எச்சரிக்கையாக அமைந்திருக்கும்.

மாறியவையும் மாறாதவையும்

பல்கலைக்கழகத்தில் நாம் விரிவுரையாற்றிய காலத்தில் மாணவர்களிடம் அடிக்கடி வலியுறுத்திய விதி ஒன்றுண்டு. சான்றுகள் பல இருப்பின் அவற்றை எண்ணாதீர்கள், நிறுத்துப் பாருங்கள் என்பதே அது. இவ்விதி பழைய வண்டிக்கும் பொருந்தும். எளிதிற் கழற்றி மாட்டக்கூடிய உறுப்பின் சாட்சியம் எடை குறைந்தது. மாற்றுவதற்குக் கடினமான உறுப்பின் சாட்சியம் எடை கூடியது.

மத்திய யூட்லாந்தில் வாழும் எம்மவர் ஒருவரின் முற்றத்தில் நாம் கண்ட வண்டியை உதாரணமாகக் காட்டலாம். டெனிஷ் பதிவில் முதற்பதிவு 1973 என்றிருந்தது. முகப்பு பிளாஸ்ரிக். மூன்றாந் தொடர் என்று சொல்லப்பட்டே அது கைமாறியிருந்தது. அதை நம்பி அவர் மூன்றாந் தொடருக்குரிய கியர்ப்பெட்டி உறுப்புகளை வரவழைத்தார், அவை பொருந்தவில்லை. உள்ளே பார்த்தால் கருவிகள் நடுவில் இருந்தன. முன்புற அடிச்சட்டத்தைத் துடைத்தபோது 244 எனத் தொடங்கும் இலக்கம் தெரிந்தது. பிளாஸ்ரிக் முகப்பை மாற்றச் சில திருகாணிகள் போதும். கருவிகளின் இடத்தை மாற்ற வேண்டுமாயின், எஞ்சினுக்கும் சாரதிக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரிலேயே கைவைக்க வேண்டும். ஆகவே முகப்பின் சொல்லை ஒதுக்கி, சுவரின் சொல்லையும் இலக்கத்தின் சொல்லையும் ஏற்றோம். அது 1971இல் முடிவுற்ற 'இரண்டு ஏ' தொடரைச் சேர்ந்தது. 1973 என்பது அது டெனிஷ் பதிவேட்டில் ஏறிய ஆண்டு மாத்திரமே.

அடிச்சட்டமே மாறிவிட்ட வண்டிகளும் உண்டு. டென்மார்க்கில் மாரிகாலத்தில் வீதிகளுக்கு உப்பிடுவர். எப்பக்கம் திரும்பினும் கடற்காற்று. அலுமினிய உடல் அப்படியே இருக்க, உருக்குச் சட்டம் உள்ளிருந்து இற்றுப்போகும். இதனால் புதிதாகச் செய்து நாகப் பூச்சிட்ட அடிச்சட்டங்களை வாங்கி, பழைய உடலை அவற்றின்மேல் ஏற்றுகின்றனர். அத்தகைய வண்டியில் உடலின் வயது ஒன்று, சட்டத்தின் வயது வேறொன்று. இதனை மறைக்காது பதிவில் முறைப்படி குறித்திருந்தால் பயமில்லை. மறைத்திருந்தாலே ஆபத்து.

எஞ்சினை நம்பி ஆண்டைச் சொல்லவே கூடாது. இதனை எம்மவர்களைவிட நன்கறிந்தவர் எவர்? 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காட்டி இயக்கிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய சாரதிகளை எம் வாசகர்கள் பலர் கண்டிருப்பர். ஒரு வண்டியின் எஞ்சினை மற்றொன்றுக்கு இறக்கி ஏற்றிய கைகளையும் கண்டிருப்பர். அவ்வண்டிகளின் எஞ்சின் இலக்கத்தைப் பார்த்து ஆண்டைச் சொன்னால், அது வேறொரு வண்டியின் வயதாகவே இருக்கும். டென்மார்க்கிலும் பழைய லாண்ட்றோவரில் பிற்காலத்து டீசல் எஞ்சினை ஏற்றியோர் பலர். ஓடுவதற்கு அது நல்லது. ஆனால் வண்டி ஆதி நிலையில் உள்ளது என்று வாதிட அது உதவாது.

சிறு உறுப்புகளும் சாட்சி சொல்லும். லூக்காஸ் நிறுவனத்தின் விளக்கிலும் மின்பிறப்பாக்கியிலும் அவை செய்யப்பட்ட காலம் அடிக்கப்பட்டிருக்கும். ட்றிப்பிளெக்ஸ் கண்ணாடியின் மூலையில், எழுத்துகளின் அருகேயுள்ள சிறு புள்ளிகள் ஆண்டைக் குறிக்கும். ஒரு கண்ணாடி பின்னர் மாற்றப்பட்டதாக இருக்கலாம். நான்கு கண்ணாடிகளும் இரண்டு விளக்குகளும் ஒரே ஆண்டைச் சொன்னால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. போர்க்கால ஜீப்பிலும் இவ்வாறே. போர்ட் நிறுவனம் தான் செய்த ஜீப்பின் மரையாணிகளில் தன் பெயரின் முதலெழுத்தை அடித்தது. முன்புறக் குறுக்குச்சட்டம் குழாய் வடிவினதாயின் அது வில்லிஸ். கவிழ்த்த வாய்க்கால் வடிவினதாயின் அது போர்ட்.

தகடும் தாளும்

இலக்கத் தகடும் ஒரு காலக்கண்ணாடி. டென்மார்க்கில் இரண்டு எழுத்துகளும் ஐந்து எண்களும் கொண்ட இன்றைய முறை 1976இல் வந்தது. அதற்கு முந்திய தகடுகள் கறுப்பு. பழைய வண்டிகளின் உரிமையாளர் சிலர் விண்ணப்பித்து, அக்கால வடிவிலான கறுப்புத் தகட்டைப் பெற்று மாட்டுகின்றனர். ஆகவே கறுப்புத் தகட்டைக் கண்ட மாத்திரத்தில் அந்தப் பதிவு 1976க்கு முன்பிருந்தே தொடர்ந்து வருகின்றது என முடிவுசெய்யலாகாது.

இலங்கையிலும் தகடு காலத்தைச் சொல்லும். 'ஈ வை', 'ஈ என்' போன்ற ஆங்கில எழுத்துகளைத் தாங்கியவை பழையவை. 1957 யனவரியிலிருந்து அவற்றின் இடத்தில் 'சிறீ' என்ற சிங்கள எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சியின் தலைமையில் அதற்கு எதிராக எழுந்த இயக்கத்தையும், எழுத்தின்மேல் தார் பூசப்பட்டதையும், 1958 மே மாத வன்செயல்களையும் இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. பழைய குடும்பப் படமொன்றில் வண்டி நின்றால், முதலில் அதன் தகட்டைப் பாருங்கள். அப்படம் எக்காலத்துக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பதை அது பெரும்பாலும் சொல்லிவிடும்.

தாள்களில் முதலிற் பார்க்க வேண்டியது டெனிஷ் மோட்டார் வாகனப் பதிவேடு. அது கணினிவழியே பொதுமக்களுக்குத் திறந்துள்ளது. இலக்கத் தகட்டின் எண்ணை அல்லது அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்தால் முதற்பதிவுத் திகதி, வண்டியின் இனம், பரிசோதனை விபரங்கள் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்கு அப்பால், லாண்ட்றோவரைப் பொறுத்தவரை ஆகக்கூடிய எடையுடைய தாள், இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகம் வழங்கும் சான்றிதழ். தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவேடுகள் அங்கு பேணப்படுகின்றன. கட்டணம் செலுத்தி இலக்கத்தை அனுப்பினால், பதிவேட்டில் உள்ளவாறு, அவ்வண்டி முடிவுற்ற திகதி, அனுப்பப்பட்ட திகதி, சென்ற இடம், ஆதி நிறம், ஆதி எஞ்சினின் இலக்கம் முதலியவற்றை எழுதித் தருவர். வண்டி பிறந்த நேரத்தில் அருகிருந்து எழுதிய கணக்கு அது. பின்னர் எழுதிய எதுவும் அதற்கு நிகராகாது.

பிறந்த வேளையில் எழுதிய தாள் கையில் இல்லாவிடின் என்ன நிகழும் என்பதை எமது சமூகம் தன் உடலிலேயே அனுபவித்துள்ளது. பிறந்த நாள் தெரியாத அகதிகளுக்கு 'யனவரி 1' என்று பதிந்துவிடும் வழக்கத்தால், ஒரே நாளிற் பிறந்தவர்களாகிப்போனோர் ஏராளம். துணையின்றி வரும் இளையோரின் வயதில் ஐயம் ஏற்பட்டால், டெனிஷ் அதிகாரிகள் அவர்களைச் சட்ட மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பிக் கையெலும்பையும் பல்லையும் பார்க்கின்றனர். எலும்பு ஒரு காலப்பகுதியைச் சொல்லுமே தவிர நாளைச் சொல்லாது. வண்டியின் முகப்பும் விலாவும் அவ்வாறே. 'பதிந்த நாள்' வேறு, 'பிறந்த நாள்' வேறு என்பதை எம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த அறிவை வண்டி வாங்கும்போதும் கைவிடலாகாது என்பதே எமது கருத்து.

வாங்குமுன்

இறுதியாக, செய்ய வேண்டியவற்றைச் சுருக்கித் தருகின்றோம். முற்பணம் கொடுக்குமுன் அடிச்சட்டத்தில் அடித்த இலக்கத்தையும் உள்ளேயுள்ள தகட்டையும் தாளையும் மூன்றாக வைத்து ஒப்பிடுங்கள். மூன்றையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். துருவுக்குள் மறைந்த இலக்கத்தை மெல்லத் துடைத்துப் பாருங்கள்; அரைப்பானால் தேய்க்காதீர்கள். அழிந்த இலக்கத்தை நீங்களாக அடிக்க முற்பட வேண்டாம். உங்கள் நோக்கம் தூயதாக இருப்பினும், அது களவு வண்டியின் அடையாளமாகவே பார்க்கப்படும். அளவுநாடாவால் அளந்து, உருவம் காட்டும் காலத்தையும் இலக்கம் காட்டும் இனத்தையும் சேர்த்துப் பாருங்கள். பத்தாம் இட எழுத்தை வாசிக்கும்போது அது எந்த நிறுவனத்தின் அட்டவணை என்பதைக் கேளுங்கள்.

வெளிநாட்டு வண்டியாயின், அதனைக் கப்பலேற்றுமுன் முதற்பதிவுத் தாளையும் ஆவணக் காப்பகச் சான்றையும் கையிற் பெறுங்கள். அன்றைய விலையைக் காட்டும் பழைய விலைப்பட்டியலைத் தேடி வையுங்கள். பழைய வாகனக் கழகங்களில் அவற்றைச் சேர்த்து வைத்திருப்போர் உண்டு. கேட்டால் மனமுவந்து உதவுவர். வரி அலுவலகத்தில் எழுத்துமூலம் வினவி, எழுத்துமூலமே விடை பெறுங்கள். விதிகள் மாறுகின்ற நாட்டில், தொலைபேசியிற் கேட்ட விடையைப் பின்னர் எவரிடமும் காட்ட முடியாது.

உங்களிடம் உள்ள வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அது முப்பது ஆண்டுகளுக்கு முன் முகாமிலிருந்து வீட்டுக்குப் பொருள் ஏற்றிய வானாக இருப்பின், அதன் பழைய பரிசோதனைத் தாள்களையும் விற்பனைப் பற்றுச்சீட்டையும் குப்பையில் இடாதீர்கள். அவ்வண்டியை எவ்வாண்டில் எவரிடமிருந்து வாங்கினீர்கள், எந்த உறுப்பை எப்போது மாற்றினீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதித் திகதியிட்டு, தாள்களோடு சேர்த்து வையுங்கள். அறிந்தவர் இருக்கும்போதே எழுதிவைத்த ஒரு பக்கம், பின்னொரு நாளில் உங்கள் பிள்ளைகள் அவ்வண்டியைப் பதியவோ விற்கவோ செல்லும்போது, பல நாள் தேடலையும் பல ஆயிரம் குறோணர்களையும் அவர்களுக்கு மீதப்படுத்தும்.